கல்லறைப் பலகையில் எழுதிய பெயர்கள்

கலிஃபோர்னியாவின் லாங் பீச் நகரில் உள்ள அரசுப் பல்கலைக்கழகத்தில், 1960களின் இறுதியில், மெக்சிகோ வம்சாவளி மாணவர்களின் அமைப்பான 'மெச்சா'வுக்குத் தலைவராக அன்னா நியெட்டோ கோமெஸ் என்ற மாணவி தேர்ந்தெடுக்கப்பட்டார். அமைப்பிலிருந்த ஆண்களில் ஒரு பகுதியினரால் அதைத் தாங்க முடியவில்லை. அவருடைய உருவப்பொம்மையைத் தூக்கில் தொங்கவிட்டார்கள். போலியாக ஒரு சவ அடக்கமும் நடத்தினார்கள். நட்டுவைத்த கல்லறைப் பலகைகளில் அவருடைய பெயரும் அவருடைய தோழிகளின் பெயர்களும் எழுதப்பட்டிருந்தன.

இதைச் செய்தவர்கள் இனவெறி பிடித்த வெள்ளையர்கள் என்றால் நமக்குப் புரிந்துகொள்ள எளிதாக இருந்திருக்கும். செய்தவர்கள் அவருடைய சொந்த இயக்கத் தோழர்கள். வெள்ளை மேலாதிக்கத்தை எதிர்த்து அவரோடு ஒரே பேரணியில் நடந்தவர்கள். வியட்நாம் போரைக் கண்டித்து ஒரே முழக்கத்தை எழுப்பியவர்கள். விடுதலையைப் பற்றி இரவெல்லாம் பேசக்கூடிய அந்த இளைஞர்களுக்கு, ஒரு பெண் தங்களுக்குத் தலைவராக இருப்பது மட்டும் செரிக்கவில்லை.

சிக்கானா பெண்ணியத்தின் வரலாற்றைப் படிக்கத் தொடங்கிய நாளிலிருந்து இந்தக் காட்சி என்னை விட்டு அகலவில்லை. ஒடுக்கப்பட்ட மக்களின் இயக்கம் ஒன்று தன் பெண்களை எப்படி நடத்துகிறது, அந்தப் பெண்கள் இயக்கத்தைக் கைவிடாமலேயே எப்படி எதிர்த்து நிற்கிறார்கள் என்ற இரண்டு கேள்விகளுக்கும் அந்த வரலாற்றில் விடை இருக்கிறது.

முதலில், யார் இந்தச் சிக்கானாக்கள்? 1846 முதல் 1848 வரை அமெரிக்கா மெக்சிகோ மீது போர் தொடுத்தது. போரின் முடிவில் குவாடலூப்பே இடால்கோ உடன்படிக்கை வழியாக மெக்சிகோ தன் நிலப்பரப்பில் ஏறத்தாழ பாதியை இழந்தது. இன்றைய கலிஃபோர்னியா, நியூ மெக்சிகோ, அரிசோனா எல்லாம் அப்படிப் போனவைதான். அந்த நிலத்தில் வாழ்ந்தவர்கள் இருந்த இடத்திலேயே அந்நியரானார்கள். 'நாங்கள் எல்லையைத் தாண்டவில்லை, எல்லைதான் எங்களைத் தாண்டியது' என்று அவர்கள் சொல்வது வெறும் சொல்லழகுக்காக அல்ல. பின்னர் வேலை தேடி வந்தவர்களும் அவர்களோடு சேர்ந்தார்கள். 'சிக்கானோ' என்பது அவர்களை இழிவுபடுத்தப் பயன்பட்ட சொல். 1960களில் அந்த வசையையே இளைஞர்கள் தங்கள் அடையாளமாக எடுத்து நிமிர்ந்தார்கள். அதன் பெண்பால்தான் 'சிக்கானா'.

ஆனால் பெண்களின் தலைமை 1960களில் பிறந்ததல்ல. 1938 ஜனவரி இறுதியில் டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோ நகரில் பீக்கன் கொட்டை உடைக்கும் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். சுமார் 12,000 பேர். பெரும்பாலோர் மெக்சிகோ வம்சாவளிப் பெண்கள். காற்றோட்டமில்லாத கொட்டகைகளில், கொட்டைத் தூசியைச் சுவாசித்துக்கொண்டு, ஒரு பவுண்டுக்குச் சில சென்டுகள் என்ற கூலிக்கு உழைத்தவர்கள். காசநோய் அவர்களிடையே சாதாரணம். அந்தக் கூலியிலும் நிர்வாகம் கைவைத்தபோது அவர்கள் வெளியேறினார்கள். முன்னின்று நடத்தியவர் எம்மா டெனாயூக்கா. அப்போது அவருக்கு 21 வயது.

காவல்துறை கண்ணீர்ப்புகை வீசியது. நூற்றுக்கணக்கானோர் சிறைக்குப் போனார்கள். எம்மாவும் கைதானார். அவர் கம்யூனிஸ்ட் என்பதால் கத்தோலிக்கத் திருச்சபையும் நடுத்தர வர்க்க மெக்சிகன் அமெரிக்க அமைப்புகளும் விலகி நின்றன. கடைசியில் தொழிற்சங்கத் தலைமையே அதே காரணத்தைக் காட்டி அவரை அதிகாரப்பூர்வப் பொறுப்பிலிருந்து விலக்கியது. அவர் கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடவில்லை. பின்னணியில் இருந்து துண்டறிக்கை எழுதினார், ஆட்களைத் திரட்டினார். போராட்டம் ஐந்து வாரங்களுக்கு மேல் நீடித்து பேச்சுவார்த்தைக்கு வழி திறந்தது. வெற்றி நீண்டகாலம் நிலைக்கவில்லை. குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்ததும் முதலாளிகள் இயந்திரங்களைக் கொண்டுவந்தார்கள், ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தார்கள். எம்மாவுக்கு அந்த நகரத்தில் வேலை கொடுக்க ஆளில்லாமல் போனது. ஊரை விட்டு வெளியேறிய அவர் பல ஆண்டுகள் கழித்துத்தான் திரும்பிவந்து ஆசிரியராகப் பணியாற்றினார். சிக்கானோ இயக்கத்தின் அடுத்த தலைமுறை அவர் பெயரை மறுபடியும் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

இந்த மறதியின் கதை திரும்பத் திரும்ப நடக்கிறது. 1962இல் கலிஃபோர்னியாவின் பண்ணைத் தொழிலாளர் சங்கத்தை நிறுவியவர்களில் ஒருவர் டோலரஸ் ஹுவர்ட்டா. 1965இல் டெலானோவின் திராட்சைத் தோட்டங்களில் பிலிப்பினோ தொழிலாளர்கள் தொடங்கிய வேலைநிறுத்தத்தில் அந்தச் சங்கமும் சேர்ந்தது. ஐந்தாண்டுப் போராட்டத்திற்குப் பிறகு முதலாளிகளோடு பேச்சுவார்த்தை மேசையில் உட்கார்ந்து ஒப்பந்தங்களை வரிவரியாகப் பேசி முடித்தவர் ஹுவர்ட்டா. பதினொரு குழந்தைகளின் தாய் இப்படி ஊர் ஊராக அலையலாமா என்ற கேள்வி அவரைத் துரத்திக்கொண்டே இருந்தது. சீசர் சாவேஸிடம் யாரும் அப்படி ஒரு கேள்வியைக் கேட்டதில்லை. 1972இல் அரிசோனாவில் 'ஸி, ஸே புவேதே' (ஆம், முடியும்) என்ற முழக்கத்தை உருவாக்கியவரும் ஹுவர்ட்டாதான். பல பத்தாண்டுகள் அது சாவேஸின் முழக்கமாகவே அறியப்பட்டது.

அடுத்தது 1968 மார்ச். கிழக்கு லாஸ் ஏஞ்சலஸின் உயர்நிலைப் பள்ளிகளிலிருந்து பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் வகுப்புகளைவிட்டு வெளியேறினார்கள். பள்ளியில் ஸ்பானிஷ் பேசினால் தண்டனை, கல்லூரிக்குப் பதிலாகக் கைத்தொழில் வகுப்பு, பாடநூல்களில் தங்கள் வரலாறே இல்லாத நிலை ஆகியவற்றை எதிர்த்து நடந்த வெளிநடப்பு அது. லிங்கன் உயர்நிலைப் பள்ளி மாணவி பவுலா கிரிசோஸ்டோமோ அதன் முக்கிய அமைப்பாளர்களில் ஒருவர். சில மாதங்கள் கழித்து அரசு 13 பேர் மீது சதி வழக்குப் போட்டது. 13 பேரும் ஆண்கள். 'கிழக்கு லாஸ் ஏஞ்சலஸ் 13' என்று அவர்கள் வரலாற்றில் இடம்பெற்றார்கள். யார் தலைவர் என்பதை அரசின் குற்றப்பத்திரிகை முடிவு செய்தது. இயக்கத்தின் நினைவும் அதே பட்டியலை அப்படியே எடுத்துக்கொண்டது.

'பிரவுன் பெரே' அமைப்பின் கதை இன்னும் கசப்பானது. அந்த அமைப்புக்கு முன்னோடியாக இருந்த இளைஞர் குழுவின் முதல் தலைவர் விக்கி காஸ்ட்ரோ என்ற பெண். அமைப்பு வளர்ந்தபோது அது ராணுவ மிடுக்கோடு ஆண்களின் படையாக மாறியது. குளோரியா அரெயானெஸ் அதில் அமைச்சர் பொறுப்பு வகித்த ஒரே பெண். 1969இல் அமைப்பு திறந்த இலவச மருத்துவமனையை அன்றாடம் நடத்தியவர்கள் அவரும் அவருடைய தோழிகளும்தான். பத்திரிகை வேலையும் பெரும்பாலும் பெண்களின் தோள்களில். மருத்துவமனையைப் பெண்கள் நடத்துவார்கள், முடிவுகளை ஆண்கள் எடுப்பார்கள் என்ற ஏற்பாட்டைச் சகித்துப் பார்த்துவிட்டு, 1970 பிப்ரவரியில் அவர்கள் மொத்தமாக விலகினார்கள். அதே மாதத்தில் 'லாஸ் அடெலீத்தாஸ் தே அஸ்த்லான்' என்ற பெயரில் போர் எதிர்ப்புப் பேரணியில் தனி அணியாக நடந்தார்கள். போராட்டத்தை விட்டு அவர்கள் போகவில்லை. ஆண்களின் உத்தரவுகளை விட்டுத்தான் போனார்கள்.

இப்படிக் கேள்வி எழுப்பிய பெண்களுக்குக் கிடைத்த பதில்கள் மூன்று. பெண்ணியம் வெள்ளைக்காரிகளின் சரக்கு என்பது முதல் பதில். முதலில் இன விடுதலை, பெண் பிரச்சினையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது இரண்டாவது. நீங்கள் இயக்கத்தைப் பிளக்கிறீர்கள் என்பது மூன்றாவது. 1969இல் டென்வரில் நடந்த இளைஞர் மாநாட்டில், பெண்களுக்கான அமர்வு கூடிப் பேசிவிட்டு, சிக்கானா பெண் விடுதலை பெற விரும்பவில்லை என்பதே குழுவின் ஒருமித்த கருத்து என்று மேடையில் அறிவித்தது. அதைக் கேட்டு அதிர்ந்தவர்களில் ஒருவர் என்ரிக்கேத்தா பாஸ்கெஸ். பெத்தீத்தா மார்த்தினெஸ் நியூ மெக்சிகோவில் நடத்திவந்த 'எல் கிரீத்தோ தெல் நோர்த்தே' இதழில் அவர் அதைப் பற்றி எழுதினார். ஒரு குடும்பம் முழுவதும் விடுதலை பெற வேண்டுமென்றால் அதிலுள்ள பெண்ணும் விடுதலை பெற்றாக வேண்டும் என்பது அவருடைய வாதத்தின் சாரம்.

பெண்ணியம் பேசியவர்களை 'மலின்சே' என்று ஏசுவதும் நடந்தது. மலின்சே என்கிற மலின்ட்சின், 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியப் படைத்தலைவன் கோர்தெஸுக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். இனத்தைக் காட்டிக்கொடுத்தவள் என்று மெக்சிகோவின் பொதுப்புத்தி அவரை நூற்றாண்டுகளாகத் தூற்றிவந்தது. 1974இல் அடெலாய்தா தெல் காஸ்தியோ என்ற ஆய்வாளர் இந்தக் கதையைத் திருப்பிப் படித்தார். மலின்ட்சின் அடிமையாகக் கைமாற்றப்பட்ட பெண். ஸ்பானியர்களுக்கு அவரை மற்ற அடிமைப் பெண்களோடு சேர்த்துப் பரிசாகக் கொடுத்ததே உள்ளூர் ஆண்கள்தான். ஒரு பெண்ணை விற்றவர்களின் பெயர் யாருக்கும் நினைவில்லை. விற்கப்பட்டவளின் பெயர் மட்டும் துரோகத்துக்கு இன்னொரு சொல்லாக நிலைத்துவிட்டது.

'வெள்ளைச் சரக்கு' என்ற குற்றச்சாட்டுக்கும் அவர்கள் வரலாற்றிலிருந்தே பதில் சொன்னார்கள். அன்னா நியெட்டோ கோமெஸும் தோழிகளும் 1971இல் ஒரு பத்திரிகை தொடங்கினார்கள். அதற்கு வைத்த பெயர் 'ஈகாஸ் தே குவாவ்தேமோக்', அதாவது குவாவ்தேமோக்கின் புதல்விகள். மெக்சிகோ புரட்சியின் காலத்தில் சர்வாதிகாரி தியாஸை எதிர்த்த பெண்கள் அமைப்பு ஒன்றின் பெயர் அது. மார்த்தா கோத்தெரா 1976இல் சிக்கானாக்களின் வரலாற்றை நூலாக எழுதினார். 1916இலேயே மெக்சிகோவின் யுகத்தானில் பெண்ணிய மாநாடு நடந்திருக்கிறது. அமெரிக்க வெள்ளைப் பெண்கள் வாக்குரிமை பெற்றது அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்து. எங்கள் பாட்டிகள் பேசியதை எங்களுக்கு வெள்ளைக்காரிகள் கற்றுத்தர வேண்டியதில்லை என்பதே அவர்களின் பதில்.

இந்தப் பெண்களுக்குள் ஒரே கருத்து இருந்தது என்றும் சொல்ல முடியாது. 1971 மே மாதம் ஹியூஸ்டனில் சுமார் 600 பெண்கள் கூடினார்கள். கருக்கலைப்பு உரிமை, குழந்தைக் காப்பகம், திருமணத்தில் சமத்துவம், திருச்சபையின் ஒடுக்குமுறை என்று யாரும் பேசத் தயங்கியவற்றைத் தீர்மானங்களாகப் பேசினார்கள். ஏறத்தாழ பாதிப்பேர் மாநாட்டிலிருந்து வெளிநடப்புச் செய்தார்கள். நம் எதிரி இனவெறிதான், நம் ஆண்கள் அல்ல என்பது அவர்கள் வாதம். மாநாடு நடந்த இடம் வெள்ளைப் பெண்களின் நிறுவனத்துக்குச் சொந்தமானது என்பதும், ஏழைக் குடியிருப்புப் பெண்கள் அழைக்கப்படவில்லை என்பதும் அவர்களின் நியாயமான புகார்கள். இதைத் தோல்வி என்று எழுதிய ஆண்கள் உண்டு. ஆண்களின் மாநாடுகளில் நடந்த பிளவுகள் எல்லாம் கருத்தியல் போராட்டம் என்றும், பெண்களின் மாநாட்டில் நடந்தால் குழாயடிச் சண்டை என்றும் எழுதுவது எந்த நாட்டிலும் பழகிய எழுத்துதான்.

தனி மேடை ஏன் தேவைப்பட்டது என்பதை ஒரு வழக்கு தெளிவாகக் காட்டும். லாஸ் ஏஞ்சலஸ் கவுன்டியின் பொது மருத்துவமனையில், பிரசவ வலியில் இருந்த மெக்சிகோ வம்சாவளிப் பெண்களிடம் ஆங்கிலப் படிவங்களில் கையெழுத்து வாங்கி, சிசேரியன் செய்யும்போதே கருத்தடை அறுவையும் செய்தார்கள். பலருக்கு என்ன நடந்தது என்றே தெரியாது. மருத்துவமனைக்குள் இருந்த ஓர் இளம் மருத்துவர் ஆவணங்களைத் திரட்டி வெளியே கொடுத்தார். 1975இல் பத்துப் பெண்கள் வழக்குத் தொடர்ந்தார்கள். அவர்களுக்காக நின்றவர் இருபதுகளில் இருந்த அன்டோனியா ஹெர்னாண்டெஸ் என்ற சிக்கானா வழக்கறிஞர். 1970இல் உருவாகியிருந்த 'கொமிஸியோன் ஃபெமெனீல்' என்ற சிக்கானா அமைப்பு வழக்கில் துணை நின்றது. 1978இல் நீதிபதி மருத்துவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். நடந்தது தகவல் தொடர்புக் கோளாறு, யாருக்கும் தீய நோக்கமில்லை என்றார்.

வழக்கு தோற்றது. ஆனால் அந்தப் போராட்டத்தின் அழுத்தத்தால் புரியும் மொழியில் ஒப்புதல் படிவம், கையெழுத்துக்கும் அறுவைக்கும் இடையே 72 மணி நேர இடைவெளி போன்ற விதிகள் வந்தன. 1909 முதல் நடைமுறையில் இருந்த கட்டாயக் கருத்தடைச் சட்டத்தைக் கலிஃபோர்னியா 1979இல் நீக்கியது. கவுன்டி நிர்வாகம் மன்னிப்புக் கேட்க 2018 வரை ஆனது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. காத்திருப்புக் காலம் கேட்டபோது வெள்ளைப் பெண்ணிய அமைப்புகளில் ஒரு பகுதியினர் அதை எதிர்த்தார்கள். கருத்தடை கேட்டும் மறுக்கப்பட்டவர்கள் அவர்கள், அதனால் தாமதம் அவர்களுக்குத் தடையாகத் தெரிந்தது. இந்தப் பெண்களுக்கோ கேட்காமலேயே நடந்தது. மறுபுறம், சிக்கானோ இயக்கத்தின் ஆண் தலைமைக்கு இது 'பெண்கள் விஷயம்'. ஒரு பெண்ணின் கருப்பையில் இனமும் வர்க்கமும் மொழியும் பாலினமும் ஒரே கத்தியாக இறங்கின. அந்த நான்கையும் ஒன்றாகப் பார்க்கும் அமைப்பை அவர்கள்தான் உருவாக்க வேண்டியிருந்தது.

1981இல் செரி மொராகாவும் குளோரியா அன்சால்துவாவும் தொகுத்த நூல் கறுப்பின, சிக்கானா, ஆசிய, பூர்வகுடிப் பெண்களை ஒரே நூலில் பேசவைத்தது. இருவருமே தன்பால் ஈர்ப்புள்ளவர்கள். இயக்கத்துக்குள்ளும் குடும்பத்துக்குள்ளும் அதைச் சொல்வதற்கு அன்று என்ன விலை கொடுக்க வேண்டியிருந்தது என்பதை யோசித்துப் பாருங்கள். தெற்கு டெக்சாஸில் வயல் வேலை செய்து வளர்ந்த அன்சால்துவாவின் 1987ஆம் ஆண்டு நூல் இன்று உலகெங்கும் பல்கலைக்கழகங்களில் பாடம். அவருக்கு முனைவர் பட்டம் கிடைத்தது 2004இல் அவர் இறந்த பிறகுதான். அன்னா நியெட்டோ கோமெஸுக்கு 1976இலேயே பல்கலைக்கழகம் நிரந்தரப் பணியை மறுத்துவிட்டது. முனைவர் பட்ட ஆய்வில் இருக்கும் என்னால் இந்த இரண்டு செய்திகளையும் வெறும் தகவல்களாகக் கடந்துபோக முடியவில்லை.

இனி, தலைமை என்றால் என்ன? 1968 வெளிநடப்பில் பங்கேற்ற எட்டுப் பெண்களைப் பேட்டி கண்டு தொலரெஸ் தெல்காதோ பெர்னால் 1998இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பெண்கள் ஏன் தலைவர்களாக இல்லை என்று அவர் கேட்கவில்லை. நாம் தலைமை என்று எதை எண்ணுகிறோம் என்று கேட்டார். பதவி வகிப்பது, மேடையில் பேசுவது இரண்டை மட்டுமே நாம் எண்ணுகிறோம். ஆட்களை ஒருங்கிணைப்பது, விழிப்புணர்வை வளர்ப்பது, வீடுகளுக்கும் பள்ளிகளுக்கும் தெருக்களுக்கும் இடையே தொடர்பு வலையைக் கட்டுவது ஆகிய மூன்றும் தலைமைதான் என்று அவர் காட்டினார். இந்த ஐந்தையும் வைத்துப் பார்த்தால் 'கிழக்கு லாஸ் ஏஞ்சலஸ் 13' என்ற பட்டியல் எவ்வளவு குறைபாடானது என்பது விளங்கும்.

இதில் எனக்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. பின்னணி வேலையும் தலைமைதான் என்று பாராட்டிவிட்டு, பெண்களைப் பின்னணியிலேயே வைத்துக்கொள்ளவும் இந்தக் கருத்தைப் பயன்படுத்த முடியும். பாராட்டு விழா நடத்தி மாலை போட்டுவிட்டு, முடிவெடுக்கும் அறையின் கதவைச் சாத்திக்கொள்ளலாம். குளோரியா அரெயானெஸ் விலகியது பாராட்டு கிடைக்காததால் அல்ல, அதிகாரம் கிடைக்காததால்.

சிக்கானா பெண்ணியத்தைக் குறையில்லாத கோயிலாக்கிக் கும்பிடவும் தேவையில்லை. அன்சால்துவா கொண்டாடிய 'கலப்பு' அடையாளத்துக்குப் பின்னால், 1925இல் பாஸ்கொன்செலோஸ் எழுதிய 'பிரபஞ்ச இனம்' என்ற கருத்து இருக்கிறது. பூர்வகுடிகளும் கறுப்பர்களும் கலப்பில் கரைந்து மறைந்துவிடுவார்கள் என்ற நினைப்பு அதற்குள் இருக்கிறது. இந்த விமர்சனத்தைப் பூர்வகுடி, கறுப்பின ஆய்வாளர்கள் தொடர்ந்து வைக்கிறார்கள்.

நமக்கு நேரடியாகத் தொடர்புள்ள ஒரு சொல் இங்கே வருகிறது. சாதியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல், போர்ச்சுகீசிய, ஸ்பானிய மொழிகளின் 'காஸ்தா'விலிருந்து வந்தது. போர்ச்சுகீசியர் இந்தியாவில் கண்ட சாதிகளுக்கு அந்தச் சொல்லை வைத்தார்கள். ஸ்பானியர் மெக்சிகோவில் கலப்புப் பிறப்புகளை வகைபிரிக்க அதே சொல்லை வைத்தார்கள். தந்தை யார், தாய் யார், பிறந்த குழந்தைக்கு என்ன பெயர் என்று பெயர்ச்சீட்டோடு ஓவியங்களே வரைந்தார்கள். இரண்டும் ஒன்றல்ல. அங்கே கலப்பை எண்ணிக் கணக்கு வைத்தார்கள். இங்கே கலப்பே நடக்காமல் காவல் வைத்தார்கள். ஆனால் இரண்டு இடங்களிலும் அந்தக் கணக்கு எழுதப்பட்டது பெண்ணின் உடலில்தான். 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையில் அண்ணல் அம்பேத்கர் அகமணமே சாதியின் சாரம் என்று நிறுவினார். பெண்களைக் கட்டுப்படுத்தாமல் அகமணத்தைக் காக்க முடியாது என்பதையும் அதே கட்டுரையில் விளக்கினார். அப்படியிருக்க, சாதி ஒழிப்பு முதலில், பெண் விடுதலை பிறகு என்று யாராவது சொன்னால், அவர் அம்பேத்கரைப் பாதிதான் படித்திருக்கிறார் என்று பொருள்.

தோழர்களே, உங்கள் அமைப்பின் கடைசிப் போராட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அழைப்பிதழில் யார் பெயர்? காவல் நிலையத்தில் யார் பெயர்? வழக்குக்குப் பணம் திரட்டியது யார், பயந்துபோன பெற்றோரிடம் பேசியது யார், துண்டறிக்கையை எழுதியது யார்? இந்த ஐந்து கேள்விகளுக்கும் பதிலை ஒரு தாளில் எழுதி, அடுத்த செயற்குழுவின் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பொருந்தவில்லை என்றால் பட்டியலைத் திருத்துங்கள். பெண்கள் பேசும்போது 'இயக்கத்தைப் பிளக்கிறாய்' என்ற சொல் உங்கள் நாக்கின் நுனிக்கு வந்தால், லாங் பீச்சில் அந்தப் பலகைகளை நட்டவர்களும் அதையேதான் சொன்னார்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

அந்தப் பலகைகளில் எழுதப்பட்ட பெயர்களுக்கு உரிய பெண்கள் பத்திரிகை நடத்தினார்கள், இதழ் தொடங்கினார்கள், ஒரு வரலாற்றையே மீட்டார்கள். பலகைகளை நட்டவர்களின் பெயர்களை இன்று யாரும் தேடுவதில்லை.